யன்னலும் கதவும் மாற்றப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் யன்னலும் கதவும் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இப்போது முழங்கால் விடுவதில்லை. ஆனால் கோயில் வீதியில் கண்டாலும் கலியாண வீட்டில் கண்டாலும், சுகம் விசாரித்து முடிவதற்குள் "எங்கள் வீட்டு யன்னலை ஒருக்கால் வந்து பாருங்கோ அண்ணை" என்று கேட்கிறார்கள். எல்லார் வீட்டுக்கும் போக முடியாது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவிட்டேன். கணக்குகள் ரொறன்ரோக் குளிருக்கானவை. வினிப்பெக்கில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யன்னல்களை மாற்றினால் எரிவாயுக் கட்டணம் பாதியாகக் குறையுமா?

குறையாது. விற்பனையாளர் குறையும் என்றால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். வீட்டில் பத்து யன்னல்கள், ஒவ்வொன்றும் ஒன்றரைச் சதுர மீட்டர். மொத்தம் 15 சதுர மீட்டர். இப்போது இருப்பது பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடி. அதன் வெப்ப இழப்பு எண், அதாவது யூ மதிப்பு, 2.8 அளவில் இருக்கும். புதியது 1.2 என்று வையுங்கள். வித்தியாசம் 1.6. ரொறன்ரோவின் ஓராண்டுக் குளிரை ஏறத்தாழ 3,800 பாகை நாள் (நாளுக்கு நாள் வெளியே எத்தனை பாகை குளிர் என்பதைக் கூட்டிய தொகை) என்று எடுத்தால், ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 2,200 கிலோவாட் மணி நேரம். ஃபர்னஸ் அந்த வெப்பத்தைத் தர ஏறத்தாழ 220 கன மீட்டர் எரிவாயு எரிக்க வேண்டும். கன மீட்டருக்கு 45 சதம் என்று போட்டால் 100 டொலர். பழைய யன்னல் காற்று விட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். இந்த நூறு டொலருக்காக மட்டும் ஒருவர் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவழிக்கப் போகிறார் என்றால், கணக்கில் அவர் தோற்றுவிட்டார்.

சுவரடியில் பொருத்திய மின்சார ஹீட்டரில் (பேஸ்போர்ட்) சூடாக்கும் வீடென்றால் மிச்சம் கூடுதல். அப்போதும் போட்ட காசு சில ஆண்டுகளில் திரும்பும் என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதற்காக மாற்ற வேண்டும்?

நிலை உக்கிப்போயிருந்தால், யன்னல் பூட்டாமல் நின்றால், மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கினால், குளிர்காலத்தில் யன்னலோரக் கதிரையில் யாருமே உட்காராமல் போனால் மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதை மக்கள் சிறிய காரணமாக நினைக்கிறார்கள். அறையின் காற்று 21 பாகையில் இருக்கலாம். பக்கத்தில் உள்ள கண்ணாடி 7 பாகையில் இருந்தால் உடம்பு அந்தப் பக்கமாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அம்மாவோ அப்பாவோ "குளிருது" என்று சொல்லத் தெர்மோஸ்டாட்டை 24க்குத் தூக்கிவிடுகிறோம். நல்ல கண்ணாடி வந்தால் 21இலேயே அவர்கள் சுகமாக இருப்பார்கள். நான் பொருத்திய வீடுகளில் கட்டணத்தைப் பற்றி நன்றி சொன்னவர்கள் குறைவு. இதைச் சொன்னவர்கள் அதிகம்.

காற்று வருகிறதா, கண்ணாடிதான் குளிர்ந்துகிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாமியறையில் இருந்து ஓர் ஊதுபத்தி எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காற்று வீசும் குளிர்நாளாகப் பார்த்து, சமையலறை விசிறியையும் குளியலறை விசிறியையும் போட்டுவிடுங்கள். அவை வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, வெளிக்காற்று இடுக்குகளால் உள்ளே வரும். திரைச்சீலையைக் கட்டி ஒதுக்கிவிட்டு, ஊதுபத்தியை யன்னலின் ஓரத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை வெடுக்கென்று பக்கவாட்டில் ஓடினால் அங்கே ஓட்டை. கண்ணாடியை ஒட்டிக் கீழ்நோக்கி வழிந்தால் ஓட்டை இல்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்து இறங்குகிறது.

இப்படிப் பார்க்கும்போது, பலருக்குப் புகை ஓடுவது கண்ணாடியில் அல்ல, யன்னலைச் சுற்றியுள்ள மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில்தான். வீடு கட்டியவர்கள் அந்த இடைவெளிக்குள் கண்ணாடிக் கம்பளியைத் திணித்துவிட்டுப் போயிருப்பார்கள். கம்பளி குளிரைத் தடுக்கும், காற்றை மறிக்காது. சட்டத்தைக் கழற்றி நுரை அடித்து, விளிம்பில் இடுக்கை அடைக்கும் பசையான கோக்கிங் பூசினால் ஒரு சனிக்கிழமையில் வேலை முடியும். அதைச் செய்து ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டு, பிறகு யன்னல் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் புகைபோல் படிந்திருக்கிறது. யன்னல் போய்விட்டதா?

கண்ணாடியின் ஒட்டு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நிலை நன்றாக இருந்தால் அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் அளந்து மாற்றலாம், செலவும் முழு யன்னலைவிட மிகவும் குறைவு. மாற்றும்போது லோ-ஈ பூச்சும் (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம்), கண்ணாடிகளுக்கு நடுவில் ஆர்கன் வாயுவும் உள்ளதாகக் கேளுங்கள். இதைச் சொல்லாமல் முழு யன்னலை விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

புது யன்னலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று எண்கள். யூ மதிப்பு, எவ்வளவு வெப்பம் வெளியே ஓடுகிறது என்பது. குறைவாக இருப்பது நல்லது. வெயில் எண், சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பது, 0.20, 0.45 என்று இருக்கும். ஈஆர், கனடாவுக்கென்று உருவாக்கிய கூட்டு எண். வெயிலால் வருவதைக் கூட்டி, குளிருக்குப் போவதையும் காற்றுக் கசிவையும் கழித்துச் சொல்வது. இது கூடுதலாக இருப்பது நல்லது.

2020 ஜனவரி முதல் கனடாவில், ஆற்றலை மிச்சம் பிடிக்கும் பொருட்களுக்குத் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற யூ மதிப்பு 1.22 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈஆர் 34 அல்லது அதற்கு மேல். அந்த "இல்லாவிட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யூ 1.22, வெயில் எண் 0.45 உள்ள யன்னலின் ஈஆர் 39 அளவில் வரும். யூ 1.14, வெயில் எண் 0.20 உள்ளதற்கு 26 அளவில்தான் வரும். இரண்டுக்கும் ஒரே முத்திரைதான். பக்கத்துப் பெரிய வீடோ மரமோ மறைக்காத தெற்குப் பக்கத்துக்கு முதலாவதை எடுப்பேன். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் உள்ளே வந்து இலவசமாகச் சூடாக்கும். மேற்குப் பக்கத்துக்கு இரண்டாவதை எடுப்பேன். இல்லாவிட்டால் ஜூலை மாலையில் அந்த அறை தோசைக்கல். வடக்குப் பக்கத்துக்கு யூ மதிப்பு ஒன்றே போதும். ஒரே வீட்டில் பக்கத்துக்கு ஒரு கண்ணாடி போடலாம். கேட்டால்தான் தருவார்கள்.

ஒரு பொறி உண்டு. அமெரிக்க அளவில் எழுதிய தாளில் யூ மதிப்பு 0.25 என்று இருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். 5.68ஆல் பெருக்குங்கள்: 1.42. 1.22 என்ற நம் யூ எல்லைக்குள் அது வராது.

விற்பனையாளர் சுடும் விளக்கொன்றைக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். கையில் சூடே படவில்லை. நல்ல கண்ணாடிதானே?

பாலைவன வெயிலடிக்கும் அரிசோனாவுக்கு நல்ல கண்ணாடி. அந்த விளக்குச் சூரியனுக்குப் பதிலாக வைத்தது. அவர் காட்டியது வெயில் உள்ளே வராது என்பதை. குளிர்நாட்டில் ஆறு மாதம் நமக்கு அந்த வெயில் வேண்டும். பார்க்க அதிசயமாக இருக்கும் என்பதால் இந்த வித்தை இத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது. அடுத்த முறை ஈஆர் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு கண்ணாடியா, மூன்று கண்ணாடியா?

ரொறன்ரோவில் லோ-ஈ பூச்சும் ஆர்கனும் உள்ள நல்ல இரட்டைக் கண்ணாடி மோசமில்லை. படுக்கையறை, வடக்குப் பக்கம், பெருந்தெருவின் சத்தம் கேட்கும் பக்கம் ஆகியவற்றுக்கு மூன்று போடுங்கள். ஒட்டாவா, மொன்றியல், வினிப்பெக் என்றால் எல்லாவற்றுக்குமே மூன்று. மூன்று கண்ணாடி கனம் கூடியது. பெரிய திறக்கும் யன்னலில் பிணைச்சல் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பாருங்கள். விலை வித்தியாசத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். யன்னலுக்கு 100 டொலர் வித்தியாசம் என்றால் யோசிக்கவே மாட்டேன்.

லோ-ஈ பூச்சு உண்மையிலேயே இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியவில்லையே.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய உலோகப் படலம் அது, பெரும்பாலும் வெள்ளி. வெறும் கண்ணாடி வெப்பக் கதிரில் பெரும் பங்கை உறிஞ்சி மறுபக்கம் விடும்; இந்தப் படலம் அதை அறைக்குள் திருப்பி அனுப்பும். இருட்டியதும் யன்னலுக்கு முன்னால் ஒரு தீக்குச்சியையோ லைட்டரையோ பற்றவைத்து, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் தெரியும், கண்ணாடியின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்றாக. நான்கும் ஒரே நிறமென்றால் பூச்சு இல்லை. ஒன்று மட்டும் ஊதாவாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. திரைச்சீலையைக் கவனம்.

ஆர்கன் வாயு கசிந்து போய்விடாதா?

நல்ல ஒட்டில் மிக மெதுவாகக் கசியும். போனாலும் பூச்சு வேலை செய்துகொண்டிருக்கும்; பெரும் பங்கு அதனுடையதே.

வினைலா, ஃபைபர் கிளாஸா, மரமா?

நம் வீடுகளில் பெரும்பாலும் வினைல்தான் போடுகிறோம், அதில் தவறில்லை. விலை குறைவு, வர்ணம் பூசத் தேவையில்லை. குளிருக்குச் சுருங்கி வெயிலுக்கு விரிவதில் அது கண்ணாடியைவிடப் பல மடங்கு. கறுப்பு நிறத்தில் தெற்கு நோக்கிய மிகப் பெரிய யன்னலுக்கு அதனால் யோசிப்பேன். ஃபைபர் கிளாஸ் ஏறத்தாழக் கண்ணாடியோடு சேர்ந்தே சுருங்கி விரியும், உறுதியானது, விலை கூடியது. மரம் அழகு, பராமரிக்க நேரமிருப்பவர்களுக்கு. உள்வெட்டு (உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் குளிர் கடத்தாத துண்டு) இல்லாத அலுமினியத்தை வீட்டுக்கு எடுக்காதீர்கள், அது குளிரை நேராக உள்ளே கடத்தும்.

பொருளைவிடத் திறக்கும் விதம் முக்கியம். கைப்பிடியைச் சுழற்றி வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட், மூடும்போது ரப்பரை நெருக்கிப் பிடிக்கும். காற்று வெளியே இருந்து அழுத்தினால் இன்னும் இறுகும். தள்ளித் திறக்கும் ஸ்லைடர் தும்புப் பட்டையில் உரசி ஓட வேண்டும், அதனால் இறுக முடியாது. திறக்கவே திறக்காத யன்னல் வீட்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை நிலையான கண்ணாடியாகப் போட்டால் விலையும் குறையும், கசிவும் குறையும்.

புது யன்னல் போட்டும் வியர்க்கிறதே! ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: என்ன சமையல்?

வெளியே மைனஸ் 20, உள்ளே 21 பாகை. பழைய இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் 7 பாகையில் இருக்கும். நல்ல மூன்று கண்ணாடி 15இல் இருக்கும். வீட்டின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 10 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். 30 சதவீதம் என்றால் 3 பாகைக்குக் கீழே போனால்தான் படியும். ஆகவே பழைய கண்ணாடிகூட 30 சதவீதத்தில் காய்ந்திருக்கும், 50இல் குளிக்கும். புதியது நடுவில் காய்ந்திருந்தாலும், கீழ் விளிம்பில் கண்ணாடிகளைப் பிரித்து வைக்கும் ஸ்பேசர் அலுமினியமாக இருந்தால் அந்த ஓரம் மட்டும் நனையும். வாங்கும்போது குளிர் கடத்தாத ஸ்பேசராகக் கேளுங்கள்.

இனி நம் வீட்டைப் பாருங்கள். காலையில் புட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் இடியப்பம், நடுவில் தேத்தண்ணீர். எல்லாமே ஆவி. ஆறு பேர் மூச்சு விடுகிறார்கள், துணியை உள்ளேயே காயப்போடுகிறோம். கறி மணம் வெளியே போகக் கூடாது என்றோ சத்தம் பிடிக்காது என்றோ அடுப்பு விசிறியைப் போடுவதில்லை. சில விசிறிகள் காற்றை வெளியே தள்ளுவதே இல்லை. வடிகட்டி மறுபடியும் முகத்தில் ஊதும். நாற்பது டொலரைத் தாண்டாத ஈரமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வையுங்கள். கடும் குளிரில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். தடித்த திரைச்சீலையைக் காலையில் திறந்துவிடுங்கள். மூடியே கிடந்தால் அறைச் சூடு கண்ணாடியை எட்டாது, பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

இலையுதிர் காலத்து விடிகாலையில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனிநீர் படிந்தால் சந்தோஷப்படுங்கள். வீட்டுச் சூடு அதுவரை போய்ச் சேரவில்லை.

பழைய நிலைக்குள்ளேயே புதிய யன்னலைச் செருகித் தருகிறேன் என்கிறார்கள், விலையும் குறைவு. செய்யலாமா?

பழைய நிலை காய்ந்து, நேராக, உறுதியாக இருந்தால் செய்யலாம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் கீழ்ச்சட்டத்தின் இரண்டு மூலைகளிலும் அழுத்திக் குத்துங்கள். பிஸ்கட் போல் இறங்கினால் உள்ளே உக்கிவிட்டது. அதன் மேல் புதிய யன்னலைச் செருகுவது சொத்தைப் பல்லுக்கு மேல் தங்கப் பூண் போடுவது. செருகும் முறையில் கண்ணாடிப் பரப்பு நாலு பக்கமும் சுருங்கும், சுவரோர இடைவெளியும் அப்படியே மூடி மறைக்கப்படும். ஊதுபத்தி காட்டிய ஓட்டை அங்கேதான் இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

செங்கல் வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடுவதற்கு விலை கூடும். ஆனால் அப்போதுதான் அடியில் நீர் வெளியே வடியும் சாய்வு வைக்கவும், சுற்றிலும் அதிகம் விரியாத மெல்நுரை அடிக்கவும் முடியும். அதிகம் விரியும் நுரையை அடித்து நிலையை வில்லாக வளைத்த வேலைகளைத் திருத்தப் போயிருக்கிறேன். அந்த யன்னலைத் தோளால் இடித்துத்தான் மூட முடியும். யன்னல் பொருத்துவதற்கென்றே கனடாவில் சிஎஸ்ஏ ஏ440.4 என்ற தர நெறி இருக்கிறது. அதன்படி செய்வதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பொருத்துபவரின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கே ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சூட்டைப் பற்றிப் பேசும் முன் உயிரைப் பற்றிப் பேச வேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டட விதிப்படி, படுக்கையறையில் இருந்து தப்பிக்கும் யன்னல், கருவி இல்லாமல் திறந்து, தடையில்லாத 0.35 சதுர மீட்டர் வழி தர வேண்டும். எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. யன்னலுக்கு வெளியே குழி இருந்தால் அதில் 550 மில்லிமீட்டர் இடம் வேண்டும். செருகும் யன்னல் போட்டு அந்த வழி சுருங்கி, விதிக்குக் கீழே போன வீடுகள் உண்டு. கொங்கிரீட்டை வெட்டி யன்னலைப் பெரிதாக்குவதற்கு நகரசபை அனுமதி வேண்டும்.

வாசற்கதவுக்கு என்ன போடுவது?

உள்ளே நுரை நிரப்பிய இரும்புத் தகடு போதும். ஃபைபர் கிளாஸ் நசுங்காது, மரம்போல் தெரியும், விலை கூடுதல். கண்ணாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு குளிர். ஆனால் பெரும்பாலான கதவுகளில் குற்றம் பலகையில் இல்லை, ஓரத்தில்தான். இரவில் ஒருவர் வெளியே நின்று டார்ச் அடிக்கட்டும். உள்ளே விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடம் எல்லாம் காற்று வரும். இருபது முப்பது டொலருக்கு ரப்பர்ப் பட்டையும் அடிப்பட்டையும் வாங்கி மாற்றலாம். பல வாசற்படிகளில் உள்ள திருகாணிகளைச் சுழற்றினால் படி உயர்ந்து அடியை அடைக்கும். அது இருப்பதே அநேகருக்குத் தெரியாது. கராஜில் இருந்து வீட்டுக்குள் வரும் கதவு தானாக மூட வேண்டும், ஓரம் இறுக்கமாக அடைபட வேண்டும். குளிருக்கு மட்டுமல்ல, கார்ப் புகைக்கும்.

மாவிலைத் தோரணம் கட்ட இரும்புக் கதவிலோ நிலையிலோ துளை போடாதீர்கள். துளை வழியாக ஈரம் இறங்கும், உத்தரவாதமும் போகும். காந்தக் கொக்கி கதவில் அழகாக ஒட்டும்.

வீட்டுக்கே வந்து "இன்று மட்டும்" பாதி விலை என்கிறார்கள்.

நாளைக்கும் அதே விலைதான். ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல் ஃபர்னஸ், ஏசி, தண்ணீர்ச் சூடாக்கி போன்றவற்றை அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்கத் தடை. யன்னலும் கதவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் இந்தத் தம்பிமார் இன்னும் கதவைத் தட்டுகிறார்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பிரதி கைக்கு வந்த பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். கடிதமாக எழுதி அனுப்புங்கள். அரசு உதவி கிடைக்கும் என்று சொன்னால் எந்தத் திட்டம் என்று கேளுங்கள்: 5,000 டொலர் வரை தந்த மத்திய அரசின் மானியம் 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை, வேலை தொடங்குமுன் ஆற்றல் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பவை. முதலில் யன்னலைப் போட்டுவிட்டு விண்ணப்பிக்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

பொருத்தும் நாளில் நான் வீட்டில் நிற்க வேண்டுமா?

நில்லுங்கள், தேத்தண்ணீரும் கொடுங்கள். உட்சட்டத்தை அடிக்குமுன் நுரை நாலு பக்கமும் விடுபடாமல் அடித்திருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு யன்னலையும் ஒரு தரம் திறந்து மூடிப் பூட்டுங்கள். கண்ணாடியில் உள்ள ஸ்டிக்கரை அவர்கள் சுரண்டி எறியுமுன், எண்களை ஒப்பந்தத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். தெற்குக்கு வாங்கியதை வடக்கில் பொருத்திவிட்டு, மாலையில் சாமான்களை ஏற்றும்போது நான் அதைக் கண்டுபிடித்த நாளும் உண்டு; அடுத்த நாள் முழுவதும் கழற்றிப் பூட்டினோம்.